காலை ஆட்டாமல் கிடக்கப் பழகியது: ஸ்நார்க்கெல், ஸ்கூபா அனுபவம்

ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவது, பழகப் போகிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் கொஞ்ச காலம் ஸ்நார்க்கெலோடு மேலேயே மிதந்துவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்வேன். கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க், வாயில் கவ்வும் குழாய், காலுக்குத் துடுப்புபோல் ஃபின். இவ்வளவுதான் சாமான். இடுப்பளவு தண்ணீர் போதும். ஆழத்துக்குப் போனால்தான் கடல் உயிர்கள் தெரியும் என்று பலரும் நினைக்கிறார்கள். பவளமும் கடற்புல்லும் வெயிலை நம்பி வாழ்பவை. அந்த வெயில் நன்றாக விழுவது மேலே இருக்கும் சில மீட்டரில். அவற்றை நம்பி வாழும் கூட்டமும் அங்கேதான் அதிகம்.

நான் தொடங்கியது ராமேஸ்வரம் பக்கம். தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் பேச்சில் வடகடல், தென்கடல். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கலங்கிப் புரளும். வடகிழக்குப் பருவம் வந்துவிட்டால் வடகடலின் முறை. எந்தப் பக்கம் தண்ணீர் அடங்கியிருக்கிறது என்று கரையில் கேட்டுவிட்டுப் போனால் பாதி வேலை முடிந்தது. தென்கடலில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இருக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. அதனால் வடகடலின் ஆழமில்லாத கடற்புல் பரப்பில்தான் என் பழக்கம்.

கடற்புல்லைப் பார்த்தவுடன் யாருக்கும் பெரிதாக ஒன்றும் தோன்றாது. பச்சையும் பழுப்புமாக இலைகள் ஒரே பக்கம் சாய்ந்து ஆடிக்கொண்டிருக்கும். பாசி என்று பலர் கடந்துவிடுகிறார்கள். இது வேர் விட்டு, பூத்து, விதை போடும் செடி. பூப்பதையே கடலுக்குள் செய்கிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. என்னைக் கூட்டிப்போன படகுக்கார அண்ணன் நான் ஃபின்னை அடித்து அடித்துச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, காலை ஆட்டாம கெடங்க. அதுவா வரும்" என்றார். சரி என்று கையையும் காலையும் விரித்துப் போட்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்துக் கிடந்தேன்.

வந்தது. முதலில் ஓரா மீன் கூட்டம், இலையைக் கொறித்தபடி. பிறகு நவரை இரண்டு, தாடைக்குக் கீழே இருக்கும் மீசை போன்ற இழைகளால் மணலைக் கிளறிக்கொண்டு. அவை கிளறுவதில் மிச்சம் பொறுக்கப் பின்னாலேயே வேறு சின்ன மீன்கள். ஒரு பேத்தை என் மாஸ்குக்கு நேரே வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது. இவற்றில் பாதியை நான் மீன் கடையில்தான் பார்த்திருக்கிறேன். உயிரோடு இருக்கும்போது உடம்பில் நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது. நவரை மணலுக்கு மேல் ஒரு நிறம், புல்லுக்கு மேல் வேறு நிறம்.

கடற்குதிரையைக் கண்டது ரொம்ப நாள் கழித்து. புல்லிலையில் வாலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இலை ஆடினால் தானும் ஆடும். அதன் கண் மட்டும்தான் தனியாக அசையும், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். குஞ்சுகளைப் பையில் சுமந்து பெறுவது ஆண். கடற்குதிரை, கடல் அட்டை, பவளம் மூன்றும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. உயிரோடோ காய்ந்தோ கையில் வைத்திருந்தாலே குற்றம். நினைவுக்கு ஒரு பவளத்துண்டு எடுத்து வரலாமே என்று கேட்பவர்களிடம் இதைத் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

இந்தப் புல்லை நம்பித்தான் கடற்பசு, மீனவர்கள் சொல்லும் ஆவுளியா, இங்கே இன்னும் பிழைத்திருக்கிறது. அதற்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022ல் தமிழ்நாடு அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென்று அமைந்த முதல் இடம் அது. நான் இன்னும் ஆவுளியாவைப் பார்த்ததில்லை. ஆனால் அது வயிறாரத் தின்னும் புல் எப்படி இருக்கும், அதற்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தாயிற்று.

ஒன்று சொல்ல வேண்டும். பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்கள் நாம் விலை கொடுத்து வாங்கும் சாமான் பெரும்பாலும் இல்லாமல் இதையெல்லாம் செய்கிறார்கள். கண்ணுக்கு மாஸ்க், காலில் தாங்களே கட்டிக்கொண்ட தகடு, விரல்களைப் பாறை கிழிக்காமலிருக்கச் சுற்றிய துணி. மூச்சடக்கி இறங்கி, பாசியைப் பறித்து, இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு மேலே வந்து மறுபடியும் இறங்குகிறார்கள். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவில் அவர்கள் மூச்சை நிதானப்படுத்திக்கொள்ளும் விதத்தைக் கவனித்தால் போதும், எந்தப் பயிற்சி வகுப்புக்கும் குறையாத பாடம்.

சாமானைப் பற்றிச் சுருக்கமாக. மாஸ்க் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுத்தால் அது தானாக ஒட்டி நிற்க வேண்டும். நின்றால் உங்களுக்கானது. மீசை அடர்த்தியாக இருந்தால் மேல் விளிம்பில் கொஞ்சம் கத்தரித்துக்கொண்டால் தண்ணீர் கசியாது. உள்கண்ணாடியில் எச்சில் தடவி அலசினால் பனி படியாது. வெயிலுக்குக் களிம்பை அப்பிக்கொள்வதைவிட முழுக்கைச் சட்டை மேல். சில களிம்புகளில் இருக்கும் ஆக்ஸிபென்சோன் பவளத்துக்குக் கெடுதல் என்று ஹவாய் மாநிலம் அவற்றின் விற்பனையையே 2021 முதல் தடுத்துவிட்டது.

ஸ்கூபா படிக்க அந்தமான் போனேன். ஹேவ்லாக் தீவு, 2018க்குப் பிறகு ஸ்வராஜ் தீவு. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் தெளிவாக இருக்கும். ஓப்பன் வாட்டர் என்னும் முதல் நிலைப் படிப்பு முடித்தால் 18 மீட்டர் வரை துணையோடு இறங்கலாம்.

படிப்பில் எல்லாரும் பயப்படுவது தண்ணீருக்குள் மாஸ்கைக் கழற்றி மறுபடி மாட்டுவதற்கு. அது ஒரு நாளில் பழகிவிடும். மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழ்வழியாக வெளியேறிவிடும், அவ்வளவுதான். காது விஷயம் அப்படியில்லை. பத்து மீட்டர் இறங்கினாலே உடம்பின்மேல் அழுத்தம் கரையில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு. அதிலும் முதல் சில மீட்டரில்தான் மாற்றம் வேகமாக வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி, காதுக்குள் அழுத்தத்தைச் சரிசெய்துகொண்டே இறங்க வேண்டும். வலி வருவதற்கு முன்னால் ஊத வேண்டும். வலித்தால் கொஞ்சம் மேலே ஏறி மறுபடி ஊத வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் கிடையாது. இதில் வீம்பு பிடிக்கவே கூடாது.

மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது முதல் விதி. கீழே அழுத்தத்தில் இழுத்த காற்று, மேலே வர வர நுரையீரலுக்குள் விரியும். அடக்கி வைத்துக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும். கடைசியில் 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் கொஞ்சம் வெளியேற விட்டு மேலே வருவார்கள். தொடர்ந்து டைவ் செய்தவர்கள் அதற்கப்புறம் 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. திரும்பும் டிக்கெட்டை இதை வைத்துப் போடுங்கள்.

எனக்கு ரொம்ப நேரம் எடுத்தது பாயன்ஸி. தண்ணீருக்குள் மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் ஒரே மட்டத்தில் நிற்பது. இடுப்பில் ஈயக்கட்டி, உடம்பில் காற்றடைக்கும் பி.சி.டி. ஜாக்கெட். இரண்டையும் சரியாக வைத்துக்கொண்டால் மிச்சத்தை நுரையீரல் பார்த்துக்கொள்ளும். மூச்சை இழுத்தால் உடம்பு எழும்பும், விட்டால் இறங்கும். ஆனால் உடனே அல்ல, ஒன்றிரண்டு விநாடி கழித்து. அந்த இடைவெளியைப் பொறுக்காமல் ஜாக்கெட் பொத்தானை அழுத்தினால் ஏற்ற இறக்கமாகவே போகும். பயிற்சியாளர் என்னைப் பாறையிலிருந்து விலகிய மணல் திட்டுக்குமேல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். கை உபயோகம் கிடையாது, கால் உபயோகம் கிடையாது, மூச்சு மட்டும். அதையே திரும்பத் திரும்பச் செய்தோம்.

அது கைவந்ததும் இரண்டு விஷயங்கள் மாறின. முதலாவது காற்று. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றை அடைத்தால் கரையில் ஏறக்குறைய 2200 லிட்டர் காற்றுக்குச் சமம். பத்து மீட்டரில் ஒவ்வொரு மூச்சும் மேலே இழுப்பதைப்போல் இரண்டு மடங்கு காற்றைத் தின்னும். படபடப்பில் அரை மணி நேரத்தில் தீர்ந்துபோன சிலிண்டர், உடம்பு அடங்கியதும் முக்கால் மணிக்கு மேல் வந்தது.

இரண்டாவது, விலங்குகள்.

ஹேவ்லாக்கில் நீமோ ரீஃப் கரையிலிருந்தே இறங்கிப் போகக்கூடிய இடம், புதியவர்கள் பழகும் இடம். எல்லாரும் அங்கே தேடுவது கோமாளி மீனை. கடற்சாமந்தி என்ற பூப்போன்ற விலங்கின் கொட்டும் கரங்களுக்குள் கூச்சமில்லாமல் புரண்டுகொண்டிருக்கும். அந்தக் குடும்பத்தில் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை காத்திருக்கும் சின்னவை. பெண் செத்தால் ஆண் பெண்ணாக மாறிவிடும், சின்னவற்றில் ஒன்று ஆணாகத் தேறும். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என்னைக் கட்டிப்போட்டது பக்கத்தில் இருந்த வெறும் மணல்.

மணலில் ஒரு பொந்து. வாசலில் விரல் நீள மீன் ஒன்று. கிட்டே போனால் சட்டென்று உள்ளே போய்விடும். பயிற்சியாளர் சைகை காட்டினார்: நில், காத்திரு. மணலுக்கு ஒரு முழம் மேலே மூச்சிலேயே நின்றேன். மீன் மெல்லத் தலையை நீட்டியது, வெளியே வந்தது. அதன் பின்னாலேயே இறால் ஒன்று, இரண்டு கொடுக்கிலும் மணலை அள்ளிக்கொண்டு வந்து வாசலில் கொட்டிவிட்டு உள்ளே போனது. மறுபடி வந்தது, மறுபடி கொட்டியது. இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. வெளியே வரும்போதெல்லாம் தன் உணர்கொம்பு ஒன்றை மீனின் உடம்பில் தொட்டபடியே வைத்திருக்கிறது. ஆபத்து என்றால் மீன் வாலை ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கும், இரண்டும் உள்ளே. வீடு கட்டுவது இறால், காவல் மீன். நான் கொஞ்சம் அதிகமாக மூச்சு விட்டு ஃபின் நுனி மணலைத் தட்டியதும் அந்த வால் சிலிர்த்ததை என் கண்ணால் பார்த்தேன். அன்றைய டைவில் பெரும்பகுதி அங்கேயே போனது. ஆமை பார்க்கவில்லையே என்று படகில் கேட்டார்கள். எனக்குக் குறையே தோன்றவில்லை.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் ஒரே இடத்தில் நிற்பதுதான் என் வழக்கம். லைட்ஹவுஸ் பாறையில் அப்படி நின்றபோது கண்டது ஒரு துப்புரவு இடம். நீலக்கோடு போட்ட சின்ன மீன்கள் உடம்பை ஆட்டி அழைக்க, களவா ஒன்று வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. சின்னவை அதன் வாய்க்குள்ளும் செவுளுக்குள்ளும் போய் ஒட்டுண்ணிகளைப் பொறுக்கின. விழுங்க எவ்வளவு நேரமாகும்? விழுங்கவில்லை. பின்னால் இன்னொரு மீன் தன் முறைக்குக் காத்திருந்தது.

கிளிமீன் பவளப்பாறையைச் சுரண்டுவதைக் காதாலேயே கேட்கலாம், முறுக்கு கடிப்பதுபோல் கறுக் கறுக் என்று. தண்ணீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போவதால் எந்தத் திசை என்று மட்டும் தெரியாது. பாறையோடு சேர்த்துத் தின்று, அரைத்து, மணலாக வெளியே விடும். வெப்பக்கடல் தீவுகளில் நாம் கால் புதைய நடக்கும் வெள்ளை மணலில் கிளிமீன் போட்டதும் நிறைய உண்டு.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. சிவப்புதான் தண்ணீரில் முதலில் மறையும். கடைப் பலகையில் அவ்வளவு சிவப்பாகக் கிடக்கும் சங்கரா, பதினைந்து மீட்டரில் சாம்பலாகத் தெரிகிறது. டார்ச் அடித்தால் சிவப்பு அப்படியே திரும்பி வருகிறது.

மனதைக் கஷ்டப்படுத்தியதையும் எழுத வேண்டும். லைட்ஹவுஸில் மேசைபோல் விரிந்த பவளங்கள் சில செத்து, மேலே பாசி படர்ந்து கிடக்கின்றன. பவளத்தின் உடம்புக்குள் குடியிருந்து அதற்கு உணவு ஆக்கித் தரும் நுண்பாசிகள், கோடையில் தண்ணீர் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நின்றாலே வெளியேறிவிடுகின்றன. பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கிறது. சூடு நீடித்தால் சாகிறது. அந்தமானிலும் மன்னார் வளைகுடாவிலும் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரிய அளவில் வெளுத்தன. 2023ல் தொடங்கி உலகம் முழுக்க நான்காவது முறையாக நடந்தது. செத்த மேசைகளின் விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்குப் புதுப் பவளங்கள் பிடித்திருப்பதையும் பார்த்தேன். அவற்றின்மேல் ஒரு ஃபின் பட்டால் பல வருட வளர்ச்சி போய்விடும். பாயன்ஸி வராதவர்களைப் பாறைப் பக்கம் கூட்டிப்போகக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். ஒரு நாள் அனுபவ டைவ் என்றால் மணல்பகுதியில் சுற்றிக் காட்டும் இடமாகப் பார்த்துச் சேருங்கள்.

அடுத்தது இரவு டைவ். சில வகைக் கிளிமீன்கள் இரவில் தங்களைச் சுற்றிக் கோழையால் ஒரு உறை பின்னிக்கொண்டு அதற்குள் தூங்கும். அதைப் பார்க்க வேண்டும். ஒரு கையில் டார்ச் இருக்கும்போது உடம்பின் சமநிலை மாறிவிடுகிறது. அதனால் ஊர் நீச்சல்குளத்தில் கையில் கனம் பிடித்தபடி மூச்சால் மட்டும் நிற்கும் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. எழுதும் பலகை ஒன்றும் வாங்கியிருக்கிறேன், கீழேயே மீனின் கோடுகளையும் துடுப்பின் வடிவத்தையும் வரைந்துகொள்ள. அந்தப் படங்களை ராமேஸ்வரத்துப் படகுக்கார அண்ணனிடம் காட்டி மீனவர்கள் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். பட்டாம்பூச்சி மீன்கள் வரை வந்திருக்கிறோம்.