ரொறன்ரோவில் விபத்தென்றால் எந்தக் கம்பனி கட்டும்?

காலி வீதியில் இரண்டு கார் உரசினால் முதல் வேலை, பிழை யாருடையது என்று நடுவீதியில் நின்று வாதாடுவது. ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் நம்மவர்கள் அப்படித்தான் இறங்கி நிற்கிறார்கள். அங்கே அதற்கு வேலையே இல்லை.

ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் நடப்பது 'நோ-ஃபோல்ட்' முறை. பிழை யாருடையதாக இருந்தாலும் நீங்கள் போவது உங்கள் சொந்தக் காப்புறுதிக் கம்பனியிடம். பிழையைக் கணக்கில் எடுக்காமல் விடுவதில்லை; அதற்கென்றே சட்டவிதிகள் இருக்கின்றன. பின்னால் வந்து இடித்தவர் பக்கம் நூறு வீதம். வாகனம் வரும்போது கதவைத் திறந்தவர் பக்கமும் நூறு வீதம். மழை, பனி, வெளிச்சக் குறைவு எதுவும் எடுபடாது. 25 வீதம் உங்கள் பிழை என்றால், கார்ச் சேதத்தில் 75 வீதத்தை உங்கள் கம்பனி நேரடியாகக் கட்டும். மீதிக்கு 'கொலிஷன்' காப்பு எடுத்திருக்க வேண்டும். தனியே போய்த் தூணில் மோதினாலும் அந்தக் காப்புத்தான் கைகொடுக்கும்.

கார் விஷயத்தில் கொழும்புக்காரருக்கு இது புதிதல்ல. இங்கே முழுக் காப்புறுதி இருந்தால், பிழை நம்முடையதானாலும் பம்பரை நம்முடைய கம்பனிதான் செய்து தருகிறது. வித்தியாசம் ஆளுக்கு அடிபடும்போதுதான். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்றாலும், காயத்துக்கு நட்டஈடு கேட்பவர் மற்றச் சாரதியின் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டும். வழக்கு இழுபடும்போது ஆஸ்பத்திரிச் செலவு நம் கையால் போகும். ஒன்ராறியோவில் அந்தச் செலவு வழக்கு முடியும்வரை காத்திருப்பதில்லை; பிழை யாருடையதானாலும் காப்புறுதிக் கம்பனி கட்டும்.

ஆனால் நேரக்கணக்கு இறுக்கம். விபத்து நடந்து 7 நாளுக்குள் கம்பனிக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் அனுப்பும் விண்ணப்பம் கைக்கு வந்து 30 நாளுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். பலர் சறுக்குவது இதற்குப் பிறகு: கிளினிக்காரர் சிகிச்சைத் திட்டத்தைக் கம்பனிக்கு அனுப்ப முன்னரே பிசியோதெரபி தொடங்கிவிடுகிறார்கள். அந்த பில் திரும்பி வரக்கூடும். திட்டம் போய்ச் சேர்ந்தால் 10 வேலைநாளுக்குள் கம்பனி பதில் சொல்ல வேண்டும்.

தொகையைப் பார்த்து ஏமாற வேண்டாம். சுளுக்கு, தசைப்பிடிப்பு, இடித்த வேகத்தில் கழுத்து சுண்டி இழுபடுவது போன்ற 'சிறு காயம்' என்று போட்டுவிட்டால் சிகிச்சைக்கு 3,500 டொலரோடு சரி. அதற்கு மேற்பட்ட காயத்துக்குச் சாதாரண பொலிசியில் 65,000 டொலர், மிகப் பாரதூரமானதற்கு 10 லட்சம். அதனால் எந்தப் பெட்டிக்குள் போடுகிறார்கள் என்பதில்தான் முழுச் சண்டையும். முதல் நாளே டொக்டரிடம் போய், கை விறைப்பு, தலைச்சுற்று எல்லாவற்றையும் பதியவைப்பது அதற்காகத்தான்.

இங்கிருந்து கலியாணத்துக்குப் போய் மச்சானின் காரில் இருக்கும்போது அடிபட்டால்? உங்களுக்கு அங்கே சொந்தப் பொலிசி இல்லை. எனவே நீங்கள் இருந்த காரின் கம்பனியிடம் கேட்கலாம். தெருவில் நடக்கும்போது இடிபட்டால், இடித்த காரின் கம்பனியிடம். ஆனால் 2026 ஜூலை 1இலிருந்து புதிதாக எடுக்கிற, புதுப்பிக்கிற பொலிசிகளில் மருத்துவம், மறுவாழ்வு, பராமரிப்பு மட்டுமே கட்டாயம். சம்பள இழப்பு போன்றவற்றை மச்சான் காசு கட்டி வாங்கியிருந்தாலும் அவை அவருக்கும் அவர் மனைவிக்கும் அவரில் தங்கியிருப்போருக்கும் பொலிசியில் பெயருள்ள சாரதிகளுக்கும்தான்; விருந்தாளிக்கு இல்லை. விருந்தாளிக்கு மாகாண அரசின் மருத்துவக் காப்பும் கிடையாது. ஆகவே கட்டுநாயக்கவில் விமானம் ஏறமுன் பயணக் காப்புறுதி எடுங்கள். அடிபட்டால், பில்லை முதலில் யாருக்கு அனுப்புவது என்று இரண்டு கம்பனியிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பனி மறுத்துக் கடிதம் தந்தால், அந்தத் திகதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் இப்படியான காப்புறுதித் தகராறுகளைத் தீர்க்கும் ஒன்ராறியோவின் லைசன்ஸ் அப்பீல் ட்ரிபியூனலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கொழும்புக்குத் திரும்பி வந்துவிட்டாலும் இந்தக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். கடித உறையையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.