இரண்டாவது சிஆர்பியும் ஒரு ஸ்டிக்கரும்

குறைமாதத்தில் பிறந்த எங்கள் மகள், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் எடை கூடத் தொடங்கியிருந்த வேளையில், குழாய் வழியே கொடுத்த பால் செரிக்காமல் பச்சை நிறத்தில் திரும்பி வந்தது. மூச்சும் இடையிடையே நின்றது. பிறந்து 72 மணி நேரம் கடந்தபின் இப்படி வந்தால், மருத்துவமனையிலேயே ஒட்டிய தொற்றாக இருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகிக்கிறார்கள். உடனே பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்து, ஆண்டிபயாடிக்கும் தொடங்கிவிட்டார்கள். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

தொற்று இருக்கிறதா என்று அறிய ரத்தத்தில் பார்க்கும் சிஆர்பி என்ற புரதத்தின் அளவு, முதல் முறை 4 மி.கி./லிட்டர் என்று குறைவாக வந்ததும் வீட்டில் எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். மருத்துவர் மட்டும் அடையவில்லை. கிருமி நுழைந்த செய்தி கிடைத்தபின் கல்லீரல் சுரக்கும் புரதம் இது என்பதால், அளவில் ஏற்றம் தெரியவே 10 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். தொற்றைக் காட்டும் இன்னொரு ரத்த அளவான புரோகால்சிடோனின் சில மணி நேரத்திலேயே ஏறும் என்றாலும், அந்தப் பரிசோதனை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. பிறந்த முதல் இரண்டு நாள்களில் தொற்று இல்லாமலே புரோகால்சிடோனின் உயர்ந்திருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. ஆகவே 24 மணி நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவது சிஆர்பிக்காகக் காத்திருந்தோம்.

அந்த ரத்தம்தான் வீணானது. படிவத்தில் குழந்தையின் எண். குழாயில் ஒட்டியிருந்ததோ என் பிரசவக் கோப்பிலிருந்து கிழித்த ஸ்டிக்கர். எண் பொருந்தாத மாதிரியை ஆய்வகம் திருப்பி அனுப்பியது சரியே; வேறொரு குழந்தையின் முடிவு எங்கள் கோப்புக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆனால் புது ஸ்டிக்கர் கேட்டுப் போன என் கணவரிடம், கோப்பு இல்லாமல் அச்சடிக்க முடியாது என்றார் பதிவுப்பிரிவு எழுத்தர். கோப்பை வெளியே தர முடியாது என்றார் வார்டு சிஸ்டர். ஒரு தளம் ஏறுவதும் இறங்குவதுமாகப் பகல் கழிந்தது. மாலை ஷிப்டுக்கு வந்த எழுத்தர், குழந்தையின் கையிலிருந்த பட்டையின் எண்ணைக் கேட்டு, நின்ற இடத்திலேயே ஒரு தாள் நிறைய அடித்துக் கொடுத்தார்!

இத்தகைய குழந்தையின் உடலில் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 80 முதல் 100 மில்லி ரத்தம்தான் இருக்கும். அதில் ஒரு மில்லியைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி ஊசி குத்தியதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

மறுபடி எடுத்ததில் சிஆர்பி 58 மி.கி./லிட்டர். கல்ச்சரில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்ததால் மருந்தை மாற்றினார்கள். அதன்பின் எண்கள் இறங்கின.

உங்களுக்கும் இந்த நிலை வந்தால், ரத்தம் எடுக்கும்போதே குழாயிலும் படிவத்திலும் உள்ள எண் குழந்தையின் கைப்பட்டையோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முடிவை ஊரிலுள்ள மருத்துவ உறவினருக்கு அனுப்பினால் அலகையும் சேர்த்தே எழுதுங்கள். மதுரையிலிருக்கும் என் சித்தப்பா மகன் 58 என்பதை மி.கி./டெசிலிட்டர் என்று நினைத்து, பத்து மடங்கு கூட்டிப் பதறிவிட்டான். அறிகுறி தொடங்கிய நேரம், ரத்தம் எடுத்த நேரம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் படிவத்தில் நேரத்துக்கான கட்டம் காலியாகவே இருந்ததால், மருத்துவர் ரவுண்ட்ஸ் வந்தபோது என் நோட்டைத்தான் வாங்கிப் பார்த்தார்.