ஞாயிற்றுக்கிழமை நோட்டு

2025 ஜனவரி 5, ஞாயிறு

காலை ஆறரைக்கு மாடிவீட்டு அக்கா வீட்டு ஹாலில் ஐந்து பேரும் வரிசையாக நின்று எடை பார்த்தோம். ஆளுக்கு இருநூற்று ஐம்பது ரூபாய் போட்டு வாங்கிய மிஷின். முதலில் பாய் மேல் வைத்துவிட்டோம். டீச்சர் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினால் ஒன்றரை கிலோ வித்தியாசம் காட்டியது. மொசைக் தரையில் சுவரோரமாக வைத்து, நாலு மூலையையும் சாக்பீஸால் குறித்த பிறகுதான் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தது. இனி அந்தக் கோட்டை விட்டு நகர்த்தக் கூடாது.

காபிக்கு முன்னால், பாத்ரூம் போய்விட்டு, வீட்டு நைட்டியோடு ஏற வேண்டும். எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். நோட்டில் நான் எழுதுவேன். வீட்டு ஆண்களுக்கு அந்த நோட்டு கிடையாது. யாருடைய பெயரும் வெளியே போகக் கூடாது என்று பேசியிருப்பதால் இங்கேயும் உறவு சொல்லியே எழுதுகிறேன்.

என் எண் 71.4. உயரம் 154 செ.மீ. உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்குப் போட்டால் 30. நம் நாட்டு உடம்புக்கு 23 தொட்டாலே கூடுதல் எடை, 25 தொட்டால் உடல் பருமன். நமக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதால் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். நவம்பரில் என் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 6.2. அது 5.7-க்குக் கீழே இருக்க வேண்டும், 6.5 ஆனால் சர்க்கரை நோய் என்று எழுதிவிடுவார்கள். அம்மாவுக்குக் கால் விரலை எடுத்தபோது கூட இருந்தவள் நான். அதனால் எனக்கு இது புடவை கட்டினால் எப்படி இருக்கும் என்கிற விஷயம் இல்லை.

மதினி 84.6. மாடிவீட்டு அக்கா 66. பூக்கார அக்கா 62.8. டீச்சர் 78.2.

இந்த யோசனையே டீச்சருடையதுதான். நியூயார்க்கில் குயின்ஸ் பகுதியில் ஜீன் நிடெட்ச் என்ற குடும்பப் பெண் 1961-இல் ஆறு தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டு, வாரா வாரம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாராம். இரண்டு வருஷத்தில் அது வெயிட் வாட்சர்ஸ் என்ற கம்பெனியாகிவிட்டது. “நமக்குக் கம்பெனி வேண்டாம், வாரா வாரம் வந்தாப் போதும்” என்றார் டீச்சர்.

ஜனவரி 12, ஞாயிறு

ஐந்து பேருக்கும் குறைந்திருக்கிறது! எனக்கு 70.3. ஹாலே கலகலவென்று இருந்தது. சர்க்கரை நோயோடு பன்னிரண்டு வருஷமாக இருக்கும் மாடிவீட்டு அக்கா மட்டும் அமைதியாகச் சொன்னார்: “முதல் வாரம் இறங்குறது பாதி தண்ணிதான். அடுத்த வாரம் நின்னா மனசு விட்டுறாதீங்க.” சோற்றைக் குறைத்தால் உடம்பு சேமித்து வைத்த மாவுச்சத்து கரையும், அதில் ஒரு கிராம் கரைந்தால் கூடவே மூன்று கிராம் தண்ணீர் போகும். அப்பளத்தையும் ஊறுகாயையும் நிறுத்தினால் உப்பு பிடித்து வைத்திருந்த தண்ணீரும் போகும். வாரத்துக்கு அரை கிலோ குறைந்தாலே நல்ல குறைவு என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

டீச்சர் 76.9.

ஜனவரி 19, ஞாயிறு

பொங்கல் வாரம். சர்க்கரைப் பொங்கல், வடை, கரும்பு, மறுநாள் கறி, அதற்கு மறுநாள் மிச்சக் கறி. எனக்கு 71. மதினிக்கு 85.2, ஆரம்பித்ததைவிடக் கூடுதல். எண்ணைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. உடனே ஆளாளுக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தோம். ராத்திரி சப்பாத்தி சாப்பிடுங்க, வெந்நீர் குடிங்க, கொள்ளு ரசம் வையுங்க. நானும் சொன்னேன்.

மதினி வீட்டில் ஏழு பேர். மூன்று வேளையும் அவர்தான் அடுப்படி. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த அரை இட்லி, கால் தோசை, அடிச்சட்டிக் குழம்பு போட்டுப் பிசைந்த சோறு, இதெல்லாம் அவர் சாப்பாட்டுக் கணக்கிலேயே வருவதில்லை. கொட்ட மனசு வராத தலைமுறை. அதை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

டீச்சருக்கு மட்டும் பொங்கலிலும் இறங்கி 76. எல்லோரும் கை தட்டினோம்.

ஜனவரி 26, ஞாயிறு

நான் 70.6. மதினி 85. பூக்கார அக்காவுக்கு 62.5.

பூக்கார அக்கா விடியற்காலை நாலு மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருப்பார். பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறிக் கிடக்கும், அலைச்சல் அதிகம். அங்கே ஒரு டீ, வரும் வழியில் ஒன்று, கட்ட உட்காரும்போது ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. எட்டு ஸ்பூன் என்றால் நாற்பது கிராம் ஆகிவிடுகிறது. டீயை நிறுத்தச் சொன்னால் அவரால் முடியாது, பசியை அடக்குவதே அந்த டீதான். சீனியை ஒரு ஸ்பூனாக்கி, கூட ஒரு கை வறுத்த கடலை என்று அவரே முடிவு செய்துகொண்டார். புத்தி சொல்லாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்ததால் வந்த முடிவு அது. மதினி விஷயத்தில் நாங்கள் அப்படி இருக்கவில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

டீச்சர் 74.6. பலத்த கைதட்டல். நான் கடையில் போய் அவருக்கு ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கிக் கொடுத்தேன்.

ஜனவரி 29, புதன்

சாயங்காலம் தெப்பக்குளத்தைச் சுற்றி நடை. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. மூன்று சுற்று போகிறோம். பருத்திப்பால் வண்டியைத் தாண்டும்போது கருப்பட்டியும் சுக்கும் கலந்த வாசனை வந்து இழுக்கும். மாசத்துக்கு ஒரு தடவை, ஒரு டம்ளரை இரண்டு பேர் என்று வைத்திருக்கிறோம். டீச்சர் இரண்டாவது சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். கால் சோர்வாக இருக்கிறது என்றார். இவ்வளவு குறைத்தால் அசதி இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

டீச்சர் 73.1. நான் 70.1. மதினி வரவில்லை.

மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து ஒரு கட்டு ஆய்ந்தேன். பாதி ஆய்ந்த பிறகுதான் பேசினார்.

“போன வாரம் இருநூறு கிராம் எறங்கிருந்துச்சுத்தா. ராத்திரி பிள்ளைக தட்டுல கை வைக்காம ஏழு நாள் இருந்தேன். ஒரு பார்வை பாத்தீகளா? டீச்சருக்கு நீங்க தட்டுன கைதட்டு இன்னும் என் காதுல கேக்குது.”

எனக்குப் பதில் வரவில்லை. இருநூறு கிராம் என்று நோட்டில் எழுதியதே நான்தான். தைராய்டு மாத்திரை போட்டுக்கொண்டு, ஏழு பேருக்குச் சமைத்துக்கொண்டு, மிச்சத்தில் கை வைக்காமல் ஒரு வாரம் இருந்ததை அந்த எண் சொல்லவில்லை. நாங்கள் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை.

டீச்சர் ஏறினார். 71.8. ஐந்து வாரத்தில் 6.4 கிலோ. யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். பூக்கார அக்கா தட்டவில்லை.

“டீச்சர், தப்பா நெனைக்காதீக. நேத்து நான் உங்க வாசல்ல பூக் கட்டிக்கிட்டு இருந்த ஒரு மணி நேரத்துல மூணு தடவ பாத்ரூம் போனீக. ஒரு சொம்புத் தண்ணிய அண்ணாந்து குடிச்சுட்டு இன்னொரு சொம்பு கேட்டீக. எங்க வீட்டுக்காரரு சீக்குல விழறதுக்கு முன்னாடி இப்படித்தான் இருந்தாரு.”

டீச்சர் சிரிக்க முயன்றார். தண்ணீர் நிறையக் குடிப்பது நல்லதுதானே என்றார். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று மாடிவீட்டு அக்கா கேட்டார். நாலு, ஐந்து. அக்கா உள்ளே போய் சர்க்கரை பார்க்கும் மிஷினை எடுத்து வந்து டீச்சர் விரலில் குத்தினார். திரையில் 412.

காலையில் ஒன்றும் சாப்பிடாதவருக்கு 412.

பகல் பதினொரு மணிக்கெல்லாம் நானும் அக்காவும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டோம். மூன்று மாதச் சராசரி 11.8. ரத்தத்தில் சர்க்கரை 180 அளவைத் தாண்டினால் சிறுநீரகத்தால் பிடித்து வைக்க முடியாது, சிறுநீரோடு போய்விடும் என்று டாக்டர் விளக்கினார். தின்ற சோறு உடம்புக்குச் சேராமல் வெளியே போக, உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் கரைத்துக்கொள்கிறது. போகிற சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால்தான் அந்தத் தாகம். குறைந்த 6.4 கிலோவில் பெரும்பகுதி அதுதான். இத்தனை நாள் அந்த நோய்க்குக் கை தட்டியிருக்கிறோம். பிச்சிப்பூ வாங்கிக் கொடுத்ததை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

டாக்டர் கேட்டார், எடை எப்போதிலிருந்து குறைகிறது என்று. டீச்சர் என்னைப் பார்த்தார். பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு ஞாயிறாக விரல் வைத்துப் பார்த்தார். “பொங்கல் வாரத்துலயும் இறங்கியிருக்கே” என்றார். அதே வரியை நாங்களும் பார்த்தோம்.

இப்போதைக்கு இன்சுலின். ஊசி என்றதும் டீச்சர் அழுதுவிட்டார். ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்று அர்த்தமில்லை, சர்க்கரை இறங்கியதும் மாத்திரைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.

சாயங்காலம் யாரும் கூப்பிடாமலே மதினி டீச்சர் வீட்டில் இருந்தார். ராத்திரிக்கு இரண்டு இட்லி, நிறையக் காய் போட்ட சாம்பார், தூக்குச்சட்டியில்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். தெப்பம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம், இன்று நிறைய விளக்கும் ஜனமுமாக இருந்தது. நடக்க இடமில்லை. அம்மனும் சுவாமியும் தெப்பத்தில் மைய மண்டபத்தைச் சுற்றி வருவதை ஐந்து பேரும் கரையோரமாக நின்று பார்த்தோம். சர்க்கரை திடீரென்று இறங்கினால் போட்டுக்கொள்ள டீச்சர் பையில் மாடிவீட்டு அக்கா இரண்டு மிட்டாய் வைத்திருந்தார். கூட்டத்தில் மதினி கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னிச்சுக்கோங்க மதினி என்றேன். வடத்தைப் பார்த்துக்கொண்டே, “அட விடுத்தா, சாமியப் பாரு” என்றார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நோட்டில் புதுப் பக்கம். எடைக்கு ஒரு கட்டம் மட்டும். பக்கத்தில் இடுப்பளவு (நம் பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது, எனக்கு 93), எத்தனை நாள் நடந்தோம், தூக்கம், ராத்திரி எத்தனை தடவை எழுந்தோம், அந்த வாரம் எது கஷ்டமாக இருந்தது. கை தட்டுவது இல்லை. கேட்டால் ஒழியப் புத்தி சொல்வதும் இல்லை. வாரம் ஒரு கிலோவுக்கு மேல் இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால் மாடிவீட்டு அக்கா விரலில் குத்துவார். இரண்டு ஞாயிறு வராதவர் வீட்டுக்கு யாராவது ஒருவர் போய்க் கீரை ஆய வேண்டும்.

டாக்டர் சொன்ன இன்னொன்றை மதினிக்காகவே எழுதி வைத்தேன். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006-இல் வெளியானது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் சேர்ந்தே நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்திருக்கின்றன, அதுவும் எடை பெரிதாக இறங்காமலேயே. மதினி அந்தப் பக்கத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

மதினி 84.8. இந்த வாரம் ஐந்து நாள் நடை. மிச்சத்தைப் போட வாசலில் நாய்க்கு ஒரு தட்டு வைத்திருக்கிறாராம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

டீச்சர் 72.7. தொள்ளாயிரம் கிராம் ஏறியிருக்கிறது. எண்ணைச் சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். உடம்பு சர்க்கரையைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தால் எடை கொஞ்சம் ஏறும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ராத்திரி எழுந்தது ஒரே ஒரு தடவை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 148. அந்தக் கட்டங்களை நிரப்பும்போது என் கை நடுங்கியது.

நான் 69.4.

மார்ச் 2, ஞாயிறு

தரை கழுவியதில் சாக்பீஸ் கோடு போய்விட்டது. மாடிவீட்டு அக்கா பெயின்டால் குறித்துவிட்டார். மதினி டெய்லர் கடையிலிருந்து புது டேப் கொண்டுவந்தார். பழையது இழுத்து இழுத்துத் தளர்ந்திருந்தது. எனக்கு இடுப்பு 91, எடை 69. மதினிக்கு 84.1.

பூக்கார அக்காவைக் காணோம். கல்யாண ஆர்டர், மாலை கட்ட லேட்டாகும், நீங்க காபி குடிங்க என்று போன் செய்தார். டீச்சர் ஊசி போட்டுச் சாப்பிட வேண்டியவர் என்பதால் அவரை மட்டும் உட்கார வைத்து இட்லி கொடுத்தோம். மற்ற மூன்று பேரும் படியில் உட்கார்ந்திருந்தோம். ஏழு நாற்பதுக்கு வந்தார், கையெல்லாம் நாரும் ஈரமுமாக. பூப்பையை இறக்கி வைத்துவிட்டு மிஷின்மேல் ஏறினார்.

61.7. முட்டி வலி எப்படி இருக்கிறது என்று டீச்சர் கேட்டார்.