போன் ஈவேரின் (Bon Iver) முதல் ஆல்பம்: கித்தாருக்குச் சரி, குரலுக்கு… ம்ம்

‘ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ’. ஜஸ்டின் வெர்னன், போன் ஈவேர் என்ற பெயரில் 2007-ல் சொந்தமாக வெளியிட்டது, 9 பாட்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் குளிரில், அப்பாவின் வேட்டைக் குடிலில் பதிவு செய்தது.

கள்ளக்குரலை (ஃபால்செட்டோ) ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார். ஹெட்ஃபோனில் கேட்டால் சொக்கவைக்கும். பினாங்கு பஸ் இரைச்சலில் ஒரு வரிகூடப் புரியாது. அஞ்சாவது பாட்டுக்குள் எனக்கு அலுப்பு தட்டிவிடும்.

ஆனால் ‘ஸ்கின்னி லவ்’ கித்தார்! தடித்த ஆறாவது கம்பியிலிருந்து சுருதி சி-ஜி-இ-ஜி-சி-சி. கடைசி இரண்டும் ஒரே சுரம், அதனால்தான் அந்த மினுமினுப்பு. இரண்டில் ஒன்று இம்மி விலகினாலும் ‘வா-வா’ என்று அலையடிக்கும். வாசிக்கப் போகிறவர்கள் அந்த இரண்டையும் முதலில் சரிபாருங்கள்.

12-53 கம்பி (மெல்லியதும் தடித்ததும் எவ்வளவு கனம் என்ற அளவு, அங்குலத்தின் ஆயிரத்தில்) போட்டால் ஆறாவது கம்பி சி-க்கு இறங்கும்போது தொளதொளத்து ஃப்ரெட்டில் (நெக்கில் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டை) அடிக்கும். 13-56 போடுங்கள். நாலாவதை டி-யிலிருந்து இ-க்கு ஏற்றும்போது மெதுவாகத் திருகுங்கள், பழைய கம்பி என்றால் பட்டென்று போய்விடும்.

நம்ம ஊர் ஈரம் வேறு சும்மா இருக்காது. 80 விழுக்காட்டைத் தாண்டினால் பலகை உப்பும், கம்பியைக் கட்டும் பிரிட்ஜ் பக்கம் மேடாகும், கம்பி உயர்ந்து விரல் வலிக்கும். நெக் கோணிவிட்டது என்று அதற்குள் இருக்கும் டிரஸ் ராடை (வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டு) திருகாதீர்கள்! கித்தார் வைக்கும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லும் ஈரத்தை அளக்கும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டரும் வைத்து, 45–55 விழுக்காட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஏர்கான் அறையிலிருந்து வெளியே எடுத்தால் அரை மணி நேரம் விட்டுவிட்டு சுருதி சேருங்கள்லா.