கேட்ட வீடு வரவில்லை, மொட்டை போட்டாயிற்று

எனக்குச் சொந்த வீடு அமைந்தால் பழனிக்கு வந்து மொட்டை போட்டுக்கொள்வதாக அம்மா வேண்டிக்கொண்டு 18 வருஷமாகிறது. வீடு அமையவில்லை. போன மாதம் திடீரென்று, "கிளம்புடா, கடனை முடிச்சிட்டு வந்துரலாம்" என்றாள்.

"வீடுதான் வரலையேம்மா."

"உனக்கு வேலை இருக்கு, புள்ளைங்க படிக்குதுங்க, எனக்கு இன்னும் படி ஏற முடியுது. இதெல்லாம் யாரு கொடுத்ததாம்?"

சாயங்கால பூஜையான சாயரட்சையில் முருகனை ராஜ அலங்காரத்தில் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எங்கள் வீட்டில் ஆண்டிக் கோலப் படம் நுழைந்ததே கிடையாது. வைத்தால் குடும்பமும் ஆண்டியாகிவிடும் என்று அவளுக்குப் பயம். ஆனால் எனக்குக் கிடைத்தது ஒரு நாள் லீவு. மதியமே பஸ் பிடித்தாக வேண்டும். சரி, காலையிலேயே பார்ப்போம் என்று அரை மனதோடு வந்தாள்.

அடிவாரத்தில் புரோக்கர்கள் மொய்த்துவிட்டார்கள். "அரை மணியில தரிசனம் முடிச்சுத் தர்றேன் சார்" என்று ஒருவர் அம்மாவின் பையையே பிடித்து இழுத்தார். அவரை முறைத்ததில் என் பக்தி பாதி போய்விட்டது. மொட்டை, குளியல் எல்லாம் முடிந்து இருட்டிலேயே ஏறத் தொடங்கினோம். 693 படி. மலை மேலே இழுத்துப் போகிற விஞ்ச் ரயில் வேண்டாம் என்றுவிட்டாள். இடும்பன் சன்னதி தாண்டியதும் முட்டி மடங்கவில்லை. படிக்கு ஒரு "முருகா" சொல்லி, என் தோளைப் பிடித்தே ஏறினாள்.

மேலே கம்பித் தடுப்புக்குள் நின்று நின்று கால் மரத்துப்போயிற்று. உள்ளே போனபோது காலையின் முதல் பூஜையான விளா பூஜை, சாது அலங்காரம். காவித் துணி, வலது கையில் தண்டம், இடது கை இடுப்பில். எங்கும் போக அவசரமில்லாதவன் நிற்கிற நிற்பு. அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் மறந்து நின்றாள். லோன், பதவி உயர்வு என்று நான் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். ஒரு பழத்துக்குக் கோபித்துக்கொண்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவனிடம் அதையெல்லாம் எப்படிக் கேட்பது? "நகருங்க, நகருங்க" என்று முதுகில் கை விழுந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்: "நல்லா இருக்கோம்பா."

அப்பனே, இத்தனை வருஷமாக அதை உன்னிடம் வந்து சொல்லவே இல்லையே!

இறங்கும்போது படக்கடையில் அம்மா ஆண்டிக் கோலத்தைக் கையில் எடுத்தாள். "ராஜ அலங்காரம் தரட்டுமாம்மா?" என்றார் கடைக்காரர்.

"அது வீட்டுல இருக்கு."

இனி ஆணி அடிக்க வீட்டு ஓனரிடம் கேட்க வேண்டும்.