இறங்கும் அத்தியாயம்

ஜூன் 3, 2025, செவ்வாய்

பதினோராவது அத்தியாயம் நகர மாட்டேன் என்கிறது. நாயகனை மலை உச்சிக்கு ஏற்றிவிட்டேன். எப்படி இறக்குவது என்று பிடிபடவில்லை. மூன்று நாளாக அங்கேயே நிற்கிறான், பாவம், அந்தக் குளிரில்.

எழுத்து ஓடாத நாளில் மலையேற்றப் புத்தகங்கள் இருக்கும் அலமாரி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். இன்று கைக்கு வந்தது மோரீஸ் எர்சோக்கின் ‘அன்னபூர்ணா’. அப்புறம்தான் தேதி உறைத்தது. எர்சோக்கும் லூயி லாஷெனாலும் அந்தச் சிகரத்தைத் தொட்டது 1950 ஜூன் 3. எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய மலை ஒன்றின் உச்சியை மனிதர் எட்டியது அதுவே முதல் தடவை. சரியாக 75 வருடம்.

உச்சியில் நிற்கும் பக்கங்களை எப்போதும் வேகமாகப் புரட்டிவிடுவேன். எனக்கு வேண்டியது அதற்கு அப்புறம் வருவது. இறங்கும் வழியில் பையைத் திறப்பதற்காக எர்சோக் கையுறைகளைக் கழற்றுகிறார். அவை சரிவில் உருண்டு போகின்றன. பார்த்துக்கொண்டே நிற்கிறார். பைக்குள் மாற்றுக் காலுறைகள் இருக்கின்றன, கையில் மாட்டிக்கொண்டிருக்கலாம். அது அவருக்குத் தோன்றவே இல்லை. உறைந்துபோன விரல்களைப் பின்னால் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அதனால் இந்தப் புத்தகம் அவர் கையால் எழுதியது அல்ல. மருத்துவமனையில் கிடந்தபடி அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

இதையே நான் கற்பனையாக எழுதியிருந்தால், “இவ்வளவு அசடாகவா ஒருத்தன் இருப்பான்?” என்று முதல் வாசகரே மடக்கியிருப்பார். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். காலுறையைக் கையிலும் போடலாம் என்கிற யோசனைகூட அங்கே பெரிய யோசனை.

ஜூன் 5

ஒரு வெட்கக்கேடு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார்: ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். என் நாயகனுக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம். மூன்றரை மணி நேரம் ஆக வேண்டும். நான் அவனை ஒன்றேகால் மணி நேரத்தில் ஏற்றியிருக்கிறேன்.

திருத்திவிட்டேன். ஆனால் ஒன்று கவனித்தேன்: இறக்கத்துக்கு நெய்ஸ்மித் தனியாக எதுவும் கூட்டவில்லை. அவருமா!

ஜூன் 8, ஞாயிறு

மேசையில் உட்கார்ந்து இறங்க முடியாது என்று மலைக்கே போய்விட்டேன். ஏறியதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மூச்சு வாங்கியது, காட்சி நன்றாக இருந்தது.

திரும்பும்போது பூட்ஸ் லேஸை இறுக்க மறந்தேன். ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போது குதிகால் பிடிப்பு இல்லாமல் பாதம் முன்னால் வழுக்கி, ஒவ்வொரு அடிக்கும் பெருவிரல் நுனி பூட்ஸை முட்டியது. கால் மணி நேரம் போகட்டும் என்று விட்டேன், சோம்பல். கடைசியில் ஒரு பாறையில் உட்கார்ந்து கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டினேன். அதற்குள் நகம் ஊதாவாகிவிட்டது.

பாறையில் உட்கார்ந்திருந்தபோது மேலே ஏறி வந்த ஒருவர், “இன்னும் எவ்வளவு தூரம்?” என்றார். “இதோ, பக்கம்தான்” என்றேன். பச்சைப் பொய். இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. இறங்குகிறவர்கள் எல்லாரும் ஏன் இதே பொய்யைச் சொல்கிறோம்?

ஜூன் 10

மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருக்கிறேன். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொடுத்தபடியே உடல் எடையைத் தாங்க வேண்டும். அந்த வலி உடனே வராது, ஒருநாள் கழித்துத்தான் வட்டியோடு வரும்.

படுத்துக்கொண்டே ‘மலைபடுகடாம்’ எடுத்தேன். கல்லூரியில் மனப்பாடத்துக்காகப் படித்தது, நன்னன் என்ற மன்னனைப் புகழ்கிற பாட்டு என்ற அளவில்தான் நினைவில் இருந்தது. இப்போது பார்த்தால், 583 அடியில் பெரும்பகுதி மலைவழிக் கையேடு. தினைப்புனக் காவலர் வீசும் கவண்கல் வரும், மரத்தின் மறைவில் போங்கள். பாசி படிந்த இடம் காலை வழுக்கும், மெல்லிய மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கடந்து போங்கள். இப்படியே போகிறது. பாசியில் ஒரு தடவையாவது சறுக்கினவர்தான் இதை எழுதியிருக்க முடியும் என்று என் பெருவிரல் சத்தியம் செய்கிறது.

அப்புறம் எழுந்து உட்கார்ந்தேன். இது ஆற்றுப்படை அல்லவா? பரிசு பெற்றுத் திரும்புகிற கூத்தன், இனிமேல் போகப்போகிற கூத்தனுக்குச் சொல்வது. வழி சொல்கிறவன் இறங்கி வருகிறவன்.

ஜூன் 12

காலையில் நான்கு பக்கம். உச்சியிலிருந்து பாதி வழியில் என் ஆளுக்கு எதிரே ஒரு பெண் ஏறி வருகிறாள். “இன்னும் எவ்வளவு தூரம்?” என்கிறாள். அவன் “பக்கம்தான்” என்று சொல்ல வாயெடுக்கிறான். பிறகு நின்று, ஓடைக்கு மேலே பாசி இருக்கிறது, இடப்பக்க மூங்கிலைப் பிடித்துக்கொள்ளுங்கள், மேலே போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும் என்கிறான். அவளுடைய லேஸைப் பார்க்கிறான். அதையும் சொல்கிறான்.

அவள் குனிந்து கட்டிக்கொண்டிருக்கும்போது அத்தியாயத்தை முடித்துவிட்டேன். என் நகம் இன்னும் விழவில்லை.