கட்டச் சாரமும் மயில்கழுத்துக் கோட்டும்

திருகோணமலையில் கலியாணத்துக்கு கோட் தைக்கக் கொடுக்கிற பெடியன் போனில் ஒரு படத்தைக் காட்டி "இப்பிடி வேணும்" என்பான். டெய்லர் தலையாட்டுவார். வந்து சேர்வது வேறொன்று. படத்தில் நிறம் தெரியும், அங்குலம் தெரியாது. 1950கள் முதல் 70கள் வரை இங்கிலாந்துப் பெடியள் உடுத்த விதம் முழுக்க அந்த அங்குலத்தில்தான் இருந்தது. அப்பன் போட்ட அதே கோட், அதே கொலர்ச் சேர்ட். எதை ஒடுக்குவது, எதைத் தளர்த்துவது என்பதைத்தான் பெரும்பாலும் பாட்டும் ஆட்டமும் சொல்லின.

1950களின் 'டெடி பாய்' கூட்டம் மட்டும் விதிவிலக்கு. போருக்குப் பிறகு லண்டன் சவில் ரோ தையல்காரர்கள் ஏழாம் எட்வேர்ட் காலத்து நீண்ட கோட்டை வசதியானவர்களுக்காகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அதைத் தமதாக்கி, வெல்வெட் கொலர் வைத்து, கீழே ஒடுங்கிய காற்சட்டையும் தடித்த கிரேப் அடிச் சப்பாத்தும் போட்டார்கள். ரொக் அண்ட் ரோல் அங்கே பரவியது 1955, 56 அளவில்தான். உடுப்பு முந்தி, பாட்டு பிந்தி. அந்தப் பாரக் கம்பளிக் கோட் எங்கள் வெயிலுக்கு ஆகாது, விட்டுவிடலாம்.

அடுத்து, ஒடுங்கிய கோட்டோடு திரிந்த 'மொட்' கூட்டம். அந்தப் பெயரே மொடர்ன் ஜாஸ் கேட்டவர்களிடமிருந்து வந்தது. இசைத்தட்டு அட்டைதான் அவர்களுக்குத் தையல் படம். அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1958இல் ஒரு தட்டின் அட்டையில் பச்சை நிறச் சேர்ட்டோடு இருப்பார். கொலர் நுனியில் தெறி. போலோ ஆட்டக்காரரின் கொலர் காற்றில் அடிக்காமலிருக்க வந்த அந்தத் தெறியை அமெரிக்கக் கல்லூரிப் பெடியளிடம் கொண்டுசேர்த்தது நியூயோர்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடை.

இந்தக் கொலரில்தான் எங்கள் டெய்லர்மார் பெரும்பாலும் பிழை விடுகிறார்கள். நுனியின் நீளம் 3 1/4 அங்குலம் இருக்கவேண்டும். உள்ளே ஒட்டுகிற கன்வஸ் வேண்டாம், தைத்துப் பிடிக்கிற மெல்லிய துணி போதும். தெறியைக் கொலர் நுனி இழுபட்டு நிற்கும் இடத்தில் வைக்காமல் கால் அங்குலம் மேலே வைத்தால் கொலர் வளைந்து விழும். ஒட்டுக் கன்வஸும் 2 1/2 அங்குல நுனியும் என்றால் அது மட்டையாகத்தான் நிற்கும், எத்தனை தரம் அயன் பண்ணினாலும்.

மொட் கோட்டுக்கு மூன்று தெறி, 2 1/4 அங்குல லேபல் (நெஞ்சில் மடிந்து விழும் பகுதி), இரு பக்கமும் 7 அங்குலப் பிளவு. காற்சட்டை முன்பக்கம் பிளீட் இல்லாமல், கீழ்ச்சுற்று 16 அங்குலம். இந்தச் சுற்றில் நீளம் கூடினால் துணி சப்பாத்தின் மேல் குவியும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அரை அங்குலம் இறங்கும்படி சரித்து வெட்டச் சொல்லுங்கள்.

துணி மொஹேர், அதாவது அங்கோரா ஆட்டின் மயிர். பாவில் ஒரு நிறம், ஊடையில் இன்னொன்று. நடக்க நடக்க நிறம் மாறும். எங்கள் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மயில்கழுத்துப் பட்டுச் சேலையின் அதே வித்தைதான். 1969 அளவில், தலைமயிரை ஒட்ட வெட்டிய 'ஸ்கின்ஹெட்' பெடியளும் இதையே பிடித்தார்கள். ஜமேக்கா ஸ்கா, ரெகே ஆட்டத்துக்குச் சப்பாத்து தெரியவேண்டும் என்று காற்சட்டையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றினார்கள்.

அதற்கு நேர் எதிர், அமெரிக்கக் கறுப்பரின் சோல் பாட்டுக்கு ஆடிய வடக்கு இங்கிலாந்துக் கூட்டம். 1973 முதல் 1981 வரை விகன் நகரில் 'கசினோ' என்ற ஆட்ட மண்டபத்தில் விடிய விடிய ஆடினார்கள். சுழன்று, பின்னால் விழுந்து எழும்புகிற ஆட்டம். ஒடுங்கிய காற்சட்டை கவட்டில் கிழியும். அதனால் இடுப்பு உயர்ந்தது, கீழ்ச்சுற்று 24 அங்குலத்தையும் தாண்டியது, சப்பாத்துக்குத் தோல் அடி, தரையில் டல்கம் பவுடர். இங்கே பொப்பிசைக் காலத்துப் பெல்பொட்டத்தை நினைத்துச் சிரிப்பவர்களுக்கு ஒன்று: அது அடிப்படையில் மாலுமிக் காற்சட்டை. 1957 வரை பிரித்தானியக் கடற்படை இருந்த இந்த ஊருக்கு அது புதிதல்ல.

இனிச் சாரத்துக்கு வருவோம். அமெரிக்கக் கல்லூரிப் பெடியள் கோடைக்கு உடுத்த 'மெட்ராஸ்' கட்டத்துணி தமிழ்நாட்டுக் கைத்தறி. எங்கள் வீட்டுக் கட்டச் சாரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம். அதன் சாயம் கழுவக் கழுவக் கழன்று ஒரு கட்டம் இன்னொன்றில் கலக்கும். அந்தக் குறையையே 'சாயம் போவது உறுதி' என்று விளம்பரம் செய்து விற்றார்கள். ஜமேக்காவின் தேசிய உடையிலுள்ள கட்டமும் மெட்ராஸ் வழி வந்ததுதான். ஆக, திருகோணமலையில் இந்தப் பாணியில் ஒரே ஒரு உடுப்பு தைப்பதென்றால் மொஹேர் கோட்டுக்கு முன் கட்டச் சேர்ட்டையே சொல்வேன்.

45 அங்குல அகலத் துணியில் அரைக்கைச் சேர்ட்டுக்கு 2 மீற்றர், கட்டம் பொருந்தி வர இன்னும் கால் மீற்றர். வெட்டுமுன் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போடுங்கள். இல்லாவிட்டால் முதல் கழுவலோடு கொலர் கழுத்தைப் பிடிக்கும். உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நிற்கும் என்பதை நம்பவேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் தனியாகக் கழுவினால் போதும். நெஞ்சுப் பையின் கட்டம் உடம்புத் துணியின் கட்டத்தோடு கோடு பிசகாமல் சேரவேண்டும். சேராவிட்டால் திருப்பிக் கொடுங்கள்.

மொஹேரேதான் வேண்டுமென்றால் மீற்றருக்கு 250 முதல் 280 கிராம் வரையான கம்பளிக் கலப்பு எடுத்து, முதுகில் பாதி லைனிங் மட்டும் போடச் சொல்லுங்கள். முழு லைனிங்கும் பொலியெஸ்டராக இருந்தால் நல்ல துணி வாங்கியும் பயனில்லை. மொஹேர் நார் விறைப்பானது. மடிப்பைச் சூட்டு அயனால் திரும்பத் திரும்ப அழுத்தினால் சில வருடத்தில் அந்த மடிப்பிலேயே துணி வெடிக்கும். ஈரத்துணி போட்டு மெதுவாக அழுத்துங்கள். நவம்பர் மழை தொடங்கியதும் பொலித்தீன் உறையைக் கழற்றிவிடுங்கள், உள்ளே ஈரம் நின்றால் தை பிறக்குமுன் கொலரில் பூஞ்சணம் பிடித்துவிடும்.